மார்பக இம்ப்ளாண்ட்டை எடுத்துவிடலாமா? நம் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அறுவைச் சிகிச்சை வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இம்ப்ளாண்ட், அதாவது மார்புக்குள் வைக்கும் சிலிக்கோன் அல்லது உப்புநீர்ப் பை, வைத்துக்கொண்டதையே வெளியில் சொல்லாத பெண்கள், அதை எடுப்பதைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பார்கள்? ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு வாட்ஸ்அப்பில் “மிஸ்ஸி, ஒரு விஷயம் கேட்கலாமா?” என்று ஆரம்பிப்பார்கள். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் உடம்பைச் சோதித்த டாக்டர் வேறு சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வைத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. கட்டாயம் எடுக்க வேண்டுமா?

பத்து வருஷக் கெடு என்று ஒன்று கிடையாது. யாரோ சொல்லி, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதே சமயம் ஆயுளுக்கும் உடம்பில் இருக்கக்கூடிய பொருளும் இல்லை. நாளாக ஆகச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ., 2021-இல் இம்ப்ளாண்ட் விவரத் தாளில் போடவைத்த கட்டமிட்ட எச்சரிக்கையிலும் இதைச் சொல்லியிருக்கிறது.

தொந்தரவு எதுவும் இல்லை, ஸ்கேனும் சரியாக இருக்கிறது என்றால் விட்டுவைக்கலாம். சிலிக்கோன் ஜெல் இம்ப்ளாண்ட் என்றால் வைத்த 5 அல்லது 6 வருஷத்தில் முதல் தடவை எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒரு முறை. உப்புநீர் இம்ப்ளாண்ட் கிழிந்தால் அந்தப் பக்கம் சீக்கிரமே வற்றிவிடும், கண்ணாடி முன்னால் நின்றாலே தெரியும். அந்த நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கோன் ஜெல் அப்படியில்லை. கிழிந்தாலும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். வலி இருக்காது, வடிவம் மாறாது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் ஸ்கேன்.

எப்போது எடுத்தே ஆக வேண்டும்?

சிலிக்கோன் கிழிந்தது ஸ்கேனில் உறுதியானால் எடுப்பார்கள். கிருமி தொற்றி மருந்துக்கு அடங்காவிட்டால் எடுப்பார்கள். இன்னொரு முக்கியமான காரணம், உறை இறுகுவது.

இம்ப்ளாண்ட்டைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் கட்டும், அது நோய் இல்லை. சிலருக்கு மட்டும் அந்த உறை தடித்து, சுருங்கி, இம்ப்ளாண்ட்டை நெரிக்க ஆரம்பிக்கும். டாக்டர்கள் இதை ‘பேக்கர்’ அளவுகோலில் 1 முதல் 4 வரை குறிப்பார்கள். 1 என்றால் மிருது. 2 என்றால் தொட்டால் கொஞ்சம் கெட்டி, பார்வைக்குத் தெரியாது. 3-இல் வடிவம் கோணலாகும். 4-இல் வலியும் சேரும். ஒருக்களித்துப் படுக்க முடியாது, பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் கூடப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 3, 4 என்றால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் ஒத்திப்போடவே கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இதெல்லாம் இல்லாமல், ‘எனக்கு இது வேண்டாம்’ என்பதும் போதுமான காரணம்தான். முப்பதில் வைத்தது ஐம்பதில் பாரமாகத் தெரிந்தால் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இம்ப்ளாண்ட்டால் கேன்சர் வரும் என்கிறார்களே?

மார்பகப் புற்றுநோய் இல்லை. பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். என்ற ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய். இம்ப்ளாண்ட்டைச் சுற்றியுள்ள நீரிலும் உறையிலும் வரக்கூடியது, மிக அரிது. இதற்கும் இம்ப்ளாண்ட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2011-இல் முதன்முதலாகச் சொன்னது. மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் இம்ப்ளாண்ட் வைத்தவர்களிடம்தான் பெரும்பாலும் வருகிறது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் ‘பயோசெல்’ சொரசொரப்பு இம்ப்ளாண்ட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டதும் இதனால்தான்.

“அப்படியானால் என்னுடையதை உடனே எடுக்கணுமா?” என்று பதறுவார்கள். திரும்பப் பெற்றது கடைகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்த சரக்கை. அறிகுறி எதுவும் இல்லாத பெண்கள் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை என்பதே எஃப்.டி.ஏ. அப்போதே சொன்ன ஆலோசனை. கவனிக்க வேண்டியது: வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் வீங்குவது, கட்டி தட்டுப்படுவது, விடாத வலி. வீங்கினால் அல்ட்ராசவுண்ட் பார்த்து, அந்த நீரை ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். நோய் உறைக்குள் அடங்கியிருக்கும்போதே இம்ப்ளாண்ட்டையும் உறையையும் முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். உறையில் வேறு சில புற்றுநோய்களும் மிக அரிதாக வந்திருப்பதாக 2022-இல் இன்னொரு எச்சரிக்கை வந்தது. இரண்டுக்கும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே.

என்ன பிராண்ட் என்றே எனக்குத் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். இம்ப்ளாண்ட் வைத்த அன்றே ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள்: நிறுவனத்தின் பெயர், வகை, அளவு, தொடர் எண். அந்த அட்டையைத்தான் நான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் “எங்கேயோ வைத்தேன் மிஸ்ஸி” என்பார்கள். தாலிக்கொடி ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள், உடம்புக்குள் இருக்கும் பொருளின் அட்டையைத் தொலைத்திருப்பார்கள்!

அட்டை இல்லையென்றால், அறுவை நடந்த மருத்துவமனைக்கு எழுதி, அறுவைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். பாங்காக்கிலோ ஹாட்யாயிலோ வைத்திருந்தாலும் மின்னஞ்சலில் கேட்டுப் பார்க்கலாம். பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவன விவகாரம் நினைவிருக்கலாம்: மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமாகி, அதன் நிறுவனர் 2013-இல் தண்டிக்கப்பட்டார். அந்த நேரத்தில் கையில் அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் விடை கிடைத்தது.

அப்புறம், அழகு நிலையத்தில் ‘ஊசி போட்டு’ மார்பைப் பெரிதாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அது இம்ப்ளாண்ட் இல்லை. ஊசியில் போனது திசுவோடு கலந்துவிடும். பையைப் போல அப்படியே வெளியே எடுக்க முடியாது. அதற்கு வைத்தியமே வேறு. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் போலீஸ் இல்லை.

எப்போதும் களைப்பு, மூட்டு வலி, முடி கொட்டுகிறது. இம்ப்ளாண்ட்தான் காரணமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். களைப்பு, மறதி, மூட்டு வலி, தோல் தடிப்பு, முடி உதிர்வு, இவற்றைச் சேர்த்து ‘இம்ப்ளாண்ட் நோய்’ என்று பேசுகிறார்கள். இதுதான் என்று உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆனாலும் இது கற்பனை என்று தட்டிக்கழிக்கக் கூடாது. எடுத்த பிறகு நன்றாக இருப்பதாகச் சொல்லும் பெண்கள் நிறையப் பேர்; எஃப்.டி.ஏ.வும் அதைப் பதிவு செய்திருக்கிறது. சிலருக்கு மாற்றமே இருப்பதில்லை என்பதும் உண்மை.

என் அபிப்பிராயம்: கத்திக்குப் போகும் முன் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, மாதவிடாய் நிற்கும் வயதின் மாற்றங்கள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து இல்லாமல் வாடுகிற பெண்ணுக்கு இம்ப்ளாண்ட்டை எடுத்துவிட்டு, ரத்தசோகையை அப்படியே வீட்டுக்கு அனுப்புவதில் என்ன லாபம்?

உறையையும் சேர்த்து முழுசாக எடுத்தால்தான் நல்லது என்று படித்தேன்…

இணையத்தில் இதைப் படிக்காமல் யாரும் வருவதில்லை. இதில் மூன்று வகை உண்டு. இம்ப்ளாண்ட்டை மட்டும் எடுத்து உறையை விட்டுவிடுவது. உறையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுப்பது. மூன்றாவது, உறையைத் திறக்காமலே இம்ப்ளாண்ட்டோடு சேர்த்து ஒரே துண்டாக வெளியே எடுப்பது. கடைசியைத்தான் ‘ஆன் பிளாக்’ என்கிறார்கள்.

புற்றுநோய் உறுதியானவர்களுக்கும், பலமான சந்தேகம் இருப்பவர்களுக்கும் ஆன் பிளாக் தேவை. மற்றவர்களுக்கு அது கூடுதல் நன்மை தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கூடுதல் ஆபத்து உண்டு. இம்ப்ளாண்ட் நெஞ்சுத் தசைக்கு அடியில் இருந்தால் உறையின் பின்பக்கம் விலா எலும்பின் மேலேயே ஒட்டியிருக்கும். அதை வம்பாகச் சுரண்டினால் ரத்தக்கசிவு கூடும்; நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு வரை காயம் போகலாம். உறை மெல்லியதாக, மிருதுவாக இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவைப்பது திறமையின்மை இல்லை, நிதானம். கிழிந்த சிலிக்கோன், தடித்த உறை, சுண்ணாம்பு படிந்த உறை என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்: “என் உறையை என்ன செய்யப் போகிறீர்கள், ஏன்? எடுத்த உறையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவீர்களா?” இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் டாக்டரை நம்பலாம். ‘நூறு சதவீதம் ஆன் பிளாக் உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் போடுகிறவரிடம் நான் என் தங்கையை அனுப்ப மாட்டேன்.

யாரிடம் போவது? கிளினிக்கிலேயே செய்கிறார்களாமே?

இது பிளாஸ்டிக் சர்ஜன் செய்ய வேண்டிய வேலை, அதுவும் முறையான அறுவை அரங்கும் மயக்க மருந்து நிபுணரும் உள்ள இடத்தில். அழகு சிகிச்சை செய்ய அனுமதி பெற்ற பொது மருத்துவர்கள் இருக்கிறார்கள். லேசர், ஊசி போன்றவை அவர்கள் வேலை. மார்பகத்தைத் திறப்பது அவர்கள் வேலை இல்லை.

டாக்டரின் பெயரை இரண்டு இடத்தில் தேடிப் பாருங்கள்: மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும், தேசிய நிபுணர் பதிவேட்டிலும். இரண்டையும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். நிபுணர் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பிளாஸ்டிக் சர்ஜரி என்று இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் சட்டம் போட்ட சான்றிதழ்களை விட இது முக்கியம்.

பினாங்கில் தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவே இல்லை. இந்தோனேசியாவிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். கோலாலம்பூரிலும் அப்படித்தான். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு இம்ப்ளாண்ட் வைத்தவர்கள், கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற அரசாங்க இடங்களிலும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவைப் பார்க்கலாம். பரிந்துரைக் கடிதம் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். வெறும் அழகுக்காக வைத்ததை எடுக்க அரசாங்க வரிசையில் இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

எவ்வளவு வெள்ளி ஆகும்? காப்புறுதி கொடுக்குமா?

ஒரே தொகை சொல்ல முடியாது. கிழிந்த சிலிக்கோனைச் சுத்தம் செய்வதும், சும்மா எடுப்பதும், எடுத்துவிட்டு மார்பைத் தூக்கித் தைப்பதும் வேறு வேறு வேலைகள். ‘பேக்கேஜ்’ விலையைக் கேட்டவுடன் தலையாட்டாமல், பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, வார்டு, உறைப் பரிசோதனை, ப்ரா, பின்பார்வைச் சந்திப்புகள். திரும்ப அரங்குக்குப் போக வேண்டி வந்தால் யார் கட்டுவது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அழகுக்காக வைத்தது என்றால் அதை எடுப்பதையும் பெரும்பாலான மருத்துவக் காப்புறுதிகள் விலக்கியே வைத்திருக்கும். புற்றுநோய்க்குப் பிந்திய சீரமைப்பு என்றால் கதை வேறு. பாலிசியைப் படிக்க வேண்டும். எதுவானாலும் செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்கு எழுதும் ஜி.எல். கடிதம் வரும் முன் வார்டில் படுக்காதீர்கள். “வந்துவிடும், வந்துவிடும்” என்று ஏஜென்ட் போனில் சொல்வது கடிதம் ஆகாது.

கணவர் கையெழுத்துப் போட வேண்டுமா? ஆபீஸில் தெரிந்துவிடுமா?

உங்கள் உடம்புக்கு உங்கள் கையெழுத்து போதும். கணவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் முதல் இரண்டு ராத்திரி வீட்டில் விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும். அக்காவோ சிநேகிதியோ, யாரானாலும் சரி.

எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கொடுக்கும்போது, என்ன அறுவை என்று விவரமாக எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, சேவைக் காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டியவர்களுக்கான 60 நாள், 2023 ஜனவரியிலிருந்து தனிக் கணக்கு. ஆனால் அழகு சம்பந்தமான அறுவைக்கு உங்கள் கம்பெனி எம்.சி.யை ஏற்குமா என்று விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் வருடாந்திர விடுப்பையே எடுத்துவிடுகிறார்கள்.

அறுவைக்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ‘வேப்’ என்கிற மின்சிகரெட்டும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் தையல் ஆறாது. ஆஸ்பிரின், ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், ஜின்கோ மாத்திரைகளையும், நாட்டு மருந்துக் கஷாயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். குழம்பில் போடும் பூண்டால் ஒன்றும் ஆகாது.

நகைகளைப் பற்றி வார்டில் ஒரு சின்னப் போராட்டமே நடக்கும். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து வரும்போதே தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு வாருங்கள். பஞ்சுக் கயிறு என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கழுத்தில் இருந்தால்தான் கத்தி வைக்கும் இடத்தில் இடைஞ்சல். மூக்குத்தி, மெட்டி இரண்டையும் முந்தின நாளே எடுங்கள்; வருஷக்கணக்கில் கழற்றாத மூக்குத்தியைக் காலை ஆறு மணிக்கு வார்டில் சோப்புத் தண்ணீர் போட்டுத் திருகுவது யாருக்கும் சுகமில்லை. நகப்பூச்சும் கருப்பு மருதாணியும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு இடையூறு.

முன்பக்கம் பட்டன் வைத்த உடுப்பு நாலைந்து எடுத்து வையுங்கள். தலை வழியாகப் போடும் சுடிதார், டி-ஷர்ட் எதுவும் கொஞ்ச நாளைக்கு உதவாது.

அன்றைக்கு என்ன நடக்கும்?

முழு மயக்கம். வேலையைப் பொறுத்து 1 முதல் 3 மணி நேரம். முடிந்தவரை பழைய தழும்பு வழியாகவே திறப்பார்கள், பெரும்பாலும் மார்புக்கு அடிமடிப்பில். சிலர் அன்றே வீடு, சிலர் ஒரு ராத்திரி வார்டு. எடுத்த இம்ப்ளாண்ட்டைப் பார்க்க வேண்டும், போட்டோ வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். மயக்கம் தெளிந்த பிறகு கேட்டால் அது ஏற்கெனவே குப்பைக்குப் போயிருக்கும்.

எடுத்த பிறகு மார்பு எப்படி இருக்கும்?

இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். ஆனால் எடுத்த பிறகு வருத்தப்படுகிறவர்களில் பலர் இதைக் கேட்காமல் போனவர்கள்தாம்.

இம்ப்ளாண்ட் வைக்கும் முன் இருந்த மார்பு திரும்ப வராது. இத்தனை வருஷத்தில் தோல் விரிந்திருக்கும், உள்ளே இருந்த திசு அழுத்தத்தில் மெலிந்திருக்கும், வயதும் ஏறியிருக்கும். முதல் சில வாரங்களில் பிரசவம் ஆன புதுசில் வயிறு இருக்கிற மாதிரி தொளதொளவென்று, சுருக்கத்தோடு இருக்கும். அந்த நேரத்தில் கண்ணாடியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தோல் ஓரளவு சுருங்கும். திசுவும் கொஞ்சம் நிரம்பும். எவ்வளவு என்பது இம்ப்ளாண்ட்டின் அளவு, உங்கள் தோலின் இழுவிசை, வயது, தாய்ப்பால் கொடுத்தது எல்லாவற்றையும் பொறுத்தது.

அதிகமாகத் தொங்கும் என்று தெரிந்தால் அதே அறுவையில் தூக்கித் தைக்கலாம். அல்லது சில மாதம் பொறுத்து, மார்பு அமர்ந்த பிறகு பார்க்கலாம். வயிறு அல்லது தொடைக் கொழுப்பை எடுத்து நிரப்பும் முறையும் உண்டு. அதில் ஒரு பகுதி கரைந்துவிடும். நான் பொறுத்துப் பார்க்கச் சொல்கிற கட்சி. இரண்டாவது அறுவையே வேண்டாம் என்று தேறியவர்கள் எத்தனையோ பேர்.

புற்றுநோய்க்காக மார்பகத்தையே எடுத்து, அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. எடுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகும். தட்டையாகவே அழகாகத் தைத்துவிடலாம், வயிறு அல்லது முதுகுத் திசுவைக் கொண்டு மறுபடி உருவாக்கலாம், ப்ராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தோடும் இருக்கலாம். தட்டையே போதும் என்று சொன்னால் சில டாக்டர்கள் ‘பிறகு மனம் மாறினால்?’ என்று கொஞ்சம் தோலை மிச்சம் வைத்துத் தைப்பார்கள். அது பிடிக்காவிட்டால் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

குழாய் வைத்து அனுப்புவார்களாமே?

உறையை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு வடிகுழாய் வைப்பார்கள். முனையில் ஒரு சின்ன உருண்டை டப்பா. அதைக் காலி செய்து, அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடினால் உறிஞ்ச ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பக்கவாரியாக எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 20, 30 மில்லி லிட்டருக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள். முதலில் சிவப்பு, அப்புறம் இளஞ்சிவப்பு, கடைசியில் வைக்கோல் நிறம். இந்த வரிசை தலைகீழானால், அதாவது தெளிந்து வந்தது மறுபடி சிவந்து நிறைந்தால், போன் செய்யுங்கள்.

டப்பாவைத் தொங்க விடாதீர்கள், தையல் இழுக்கும். கைலியின் இடுப்பு மடிப்பில் ஊக்கு குத்தி மாட்டிக்கொள்வதுதான் சுலபம். குளிக்கும்போது? கழுத்தில் ஒரு பழைய நாடா போட்டு அதில் தொங்கவிடலாம்.

எத்தனை நாளில் பழைய நிலைக்கு வரலாம்?

முதல் இரண்டு, மூன்று நாள் நெஞ்சு கனக்கும், கை தூக்க வராது. எழுந்து நடங்கள், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். தலையணைகளை அடுக்கி, சாய்ந்து, மல்லாக்கப் படுங்கள். டாக்டர் கொடுத்த ப்ராவை ராத்திரியும் கழற்றாதீர்கள், பொதுவாக 4 முதல் 6 வாரம். நம் ஊர் வெக்கையில் அது தண்டனைதான். மாற்றிப் போட இரண்டு வாங்குங்கள்.

மேசை வேலை என்றால் 1 முதல் 2 வாரத்தில் போகலாம். வலி மாத்திரையை நிறுத்தி, ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்ப முடிகிறவரை கார் ஓட்ட வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் பொறுங்கள். எல்.ஆர்.டி.யில் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் உட்காரும் இடம் தேடுங்கள். வெளியில் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள், யாரும் எழுந்து தர மாட்டார்கள், வாய்விட்டுக் கேளுங்கள்.

ஓட்டம், ஜிம், ஸும்பா எல்லாம் 6 வாரத்துக்குப் பிறகு. வீட்டு வேலைதான் பெரிய தலைவலி. கேஸ் தோம்பைத் தள்ளுவது, 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குவது, ஈரத் துணியைக் கொடியில் போடுவது, இட்லிச் சட்டியை மேல் தட்டிலிருந்து இறக்குவது, குழந்தையை இடுப்பில் வைப்பது: இவை எல்லாமே நெஞ்சுத் தசையின் வேலை. “நான் ஒன்றும் தூக்கவில்லை மிஸ்ஸி, சமைக்க மட்டும்தான் செய்தேன்” என்று சொல்லிக்கொண்டு வீங்கிய மார்போடு வருகிறவர்களைத் திட்டவும் மனம் வராது. முதல் இரண்டு வாரம் சாப்பாட்டைக் கடையிலோ அம்மாவிடமோ ஒப்படையுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து அலச இன்னொருவர் கை வேண்டும்.

விரால் மீன் சாப்பிடச் சொல்கிறார்கள். பத்தியம் உண்டா?

அறுவை என்றாலே இங்கே மலாய்க்காரர், சீனர், நாம், எல்லாரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் ஹாருவான், அதாவது விரால் மீன். சாப்பிடுங்கள், நல்ல புரதம். ஆனால் முட்டை, கோழி, பருப்பு, மற்ற மீன்களும் அதே வேலையைச் செய்யும். விலை கூடிய விரால் சாறு பாட்டிலுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. முட்டை சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று பாட்டிமார்கள் தடுப்பார்கள். அது சரியில்லை, ஆற வேண்டிய புண்ணுக்குப் புரதம் வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் வையுங்கள். வலி மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும். பப்பாளியும் தண்ணீரும் போதும்.

‘சிலிக்கோன் நச்சை வெளியேற்றும்’ டீ, பொடி, சொட்டு மருந்து எதுவும் வாங்காதீர்கள். உருவிவிடும் பாட்டியிடமும் இப்போதைக்குப் போக வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டேன்…

இந்தக் கேள்வி டிசம்பரிலேயே வர ஆரம்பித்துவிடும். பால்குடம் என்றால் தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்து, கூட்டத்தில் மணிக்கணக்கில் நடந்து, பத்துமலையில் 272 படி, பினாங்கு தண்ணீர்மலையில் 500-க்கும் மேற்பட்ட படி. தையல் போட்ட நெஞ்சுக்கு இதை விடக் கடினமான வேலையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்தில் யாருடைய முழங்கை எங்கே படும் என்பதும் தெரியாது. அறுவை ஆகி இரண்டு மாதம் கூட ஆகாதவர்கள் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் டாக்டர் சரி என்ற பிறகுதான். தேதி உங்கள் கையில் இருந்தால் அறுவையையே பூசம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டில் வேறொருவர் உங்களுக்காகக் குடம் எடுக்கட்டும், நீங்கள் கீழே நின்று கும்பிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தழும்பு தடித்துவிடுமா?

நம் நிறத்துத் தோலுக்கு அந்தச் சுபாவம் உண்டு. காது குத்திய இடமோ அம்மை ஊசி இடமோ உங்களுக்குத் தடித்திருந்தால் டாக்டரிடம் முன்பே காட்டுங்கள். காயம் மூடிய பிறகு சிலிக்கோன் ஜெல் அல்லது பட்டை சில மாதம் போடுவது உதவும். ஆமாம், சிலிக்கோனை எடுத்துவிட்டு அந்தத் தழும்பின் மேலேயே சிலிக்கோன்; தோலுக்கு வெளியே அது நல்ல பிள்ளை. தடித்து அரிக்க ஆரம்பித்தால் ஊசி போட்டு அடக்கலாம். நிறம் மங்க ஒரு வருஷம் வரை ஆகும்.

மேமோகிராம், தாய்ப்பால்?

இம்ப்ளாண்ட் இருக்கும்போது மேமோகிராமில் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் அந்தச் சிரமம் இல்லை. ஆனால் உள்ளே தழும்பு இருக்கும். அடுத்த முறை படம் எடுக்கும் இடத்தில் அறுவையைச் சொல்லி, பழைய படங்களையும் கொண்டுபோங்கள். பால் கொடுக்க முடியுமா என்பது பால் நாளங்கள் தப்பினவா என்பதைப் பொறுத்தது. மார்க்காம்பைச் சுற்றி வெட்டியிருந்தால் வாய்ப்பு கொஞ்சம் குறையும். பலர் கொடுத்திருக்கிறார்கள்.

எந்த நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் ஓட வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்து, இறுகி, வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். முதல் ஒரு நாளில் வருவது அதிகம், ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், நாற்றம், தையல் விடுவது, இவற்றுக்கு அன்றே போக வேண்டும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் குத்தினாலோ 999. கிராப் வரட்டும் என்று வாசலில் நிற்காதீர்கள்.

அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் டாக்டருக்கு உங்களை யார் அறுத்தார், எப்போது, என்ன எடுத்தார் என்று எதுவும் தெரியாது. அதனால் வீட்டுக்கு வரும் அன்றே வார்டில் கொடுக்கும் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து, கூட இருக்கிறவருக்கும் அனுப்பி வையுங்கள். உறைப் பரிசோதனை முடிவு சில நாள் கழித்துத்தான் வரும். தையல் பார்க்கப் போகும்போது அதன் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.